பம்புக்கு முந்தைய படம்

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, வயிறும் தலையும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் வாங்கிக் கொடுத்த தைலத்தைத் தேய்த்துக்கொள்கிறாளா, இல்லை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாளா?

எனக்குக் கொடுத்திருக்கும் அறையில் ஒரு இரும்புக் கட்டில், ஒரு மேஜை, திறக்க வராத ஒரு ஜன்னல். ஆபீஸ் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. கீழே ஜீப்புகளும் சாமான் கிடங்கும், மாடியில் அறிவாளிகளும். ஏழை நாடுகளில் அடிபம்பு போட்டுக் கொடுக்கும் நிறுவனம் என்றுதானே படித்துவிட்டு வந்தேன்? வந்த நாளிலிருந்து ஒரு பம்பையும் கண்ணால் பார்க்கவில்லை. என்னையும் சேர்த்து இன்டர்ன்கள் ஐந்து பேர். மற்ற நாலும் இருபத்திரண்டு வயதுக் குழந்தைகள். முப்பத்துநாலு வயதில் வந்து நிற்கிற என்னை, யாரையோ கொண்டுவந்து விட வந்த அம்மா என்றுதான் முதல் நாள் நினைத்திருக்கிறார்கள்.

என்ன வேலை என்று கேட்பாய். காலையில் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்கிறோம். ஒருவர் சுவரில் பெரிய காகிதத்தை ஒட்டிவிட்டு, தண்ணீர் என்றதும் மனதில் என்ன தோன்றுகிறது என்று கேட்கிறார். ஒரு பெண் 'உயிர்' என்றாள். ஒரு பையன் கண்ணை மூடிக்கொண்டு 'கண்ணியம்' என்றான். நான் 'தாகம்' என்றேன். அதை மட்டும் காகிதத்தில் எழுதவில்லை. மத்தியானம்வரை இப்படிப் பேசிவிட்டு ஆளுக்கொரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சாப்பிடப் போனோம்.

இயக்குநர் ஒருவர் இருக்கிறார். மக்களிடமிருந்து கற்க வேண்டும் என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிறவர். ஜீப்பின் கண்ணாடியை இறக்காமலேயே கற்றுக்கொண்டுவிடுவார் என்று டிரைவர் சொல்கிறார். மாதக் கடைசியில் நாங்கள் 'கற்ற பாடங்கள்' என்று ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். அதில் மூன்று பாடங்களுக்குத்தான் கோடு போட்டிருக்கிறது. நாலாவது பாடம் கற்பதற்கு அனுமதி இல்லை போலும்.

நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். ஆனால் ஒன்று தெரிந்துகொள். பதினோரு வருஷம் பார்த்த அறிவியல் டீச்சர் வேலையை உதறிவிட்டு வந்திருக்கிறேன். ஒன்பது மாதம் முடிந்ததும் ஐந்து பேரில் ஒருவரைத்தான் நிரந்தரமாக எடுப்பார்கள். அது நானாக இல்லாவிட்டால் மறுபடியும் அந்த ஸ்டாஃப் ரூம், "என்ன டீச்சர், உலகத்தைத் திருத்திட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்கப்போகும் அந்த ஹெட்மிஸ்ட்ரஸ். அந்த முகத்தைப் பார்ப்பதற்கு நான் இங்கேயே கிடந்து சாகலாம். ஆகவே நாளை முதல் நானும் 'கண்ணியம்' என்றே சொல்வதாக இருக்கிறேன்.

அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், எல்லாம் அருமை என்று. நீ வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு.

உன் அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நானும் அம்மாவும் இருக்கிறபடி இருக்கிறோம். தைலம் பீரோவில்தான் இருக்கிறது, சாவி அம்மாவின் இடுப்பில். முழங்கால் தன் பாட்டுக்கு வலித்துக்கொண்டிருக்கிறது. உனக்கு அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா?

பன்னிரண்டு வருஷமாகக் குடிநீர் ஆபீசில் அடிபம்பு ஃபிட்டராக இருக்கிறேன். தண்ணீர் என்றதும் என் மனதில் என்ன தோன்றுகிறது என்று இதுவரை ஒரு நாய் கேட்டதில்லை. கேட்டிருந்தால் 'வாஷர்' என்று சொல்லியிருப்பேன். உங்கள் ஆபீசில் அதையும் எழுதியிருக்க மாட்டார்கள்.

நீ போன பிறகு அம்மா தெருவில் நடக்கிற நடையே மாறிவிட்டது. பக்கத்து வீட்டில் "என் பொண்ணு வெளிநாட்டிலே தண்ணி ஆபீசர்" என்கிறாள். பெற்ற பிள்ளை உள்ளூரில் அதே தண்ணீரில் முட்டிவரை நிற்கிறானே, அது கணக்கில் வராது. "அவன் குழாய் ரிப்பேரு" என்கிறாள்.

ஒன்று கேட்கிறேன், பதில் எழுது. நீங்கள் போடுகிற பம்புகளைப் பின்னால் யார் பழுது பார்க்கிறார்கள்? பம்பு போடுவதற்கு எவனும் வந்துவிடுவான், மாலை போடுவார்கள். ஆறு மாதம் கழித்து நட்டு முறுக்க வருகிறவன் பெயர் என்ன?

சாப்பாட்டில் கவனமாக இரு. அந்தக் குழந்தைகளோடு சேர்ந்து நீயும் கண்ணை மூடிக்கொள்ளாதே.

தம்பி


ஏப்ரல் 27

அன்புள்ள தம்பிக்கு,

நான் சௌக்கியம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, மற்றபடி குறை சொல்ல எதுவுமில்லை. அம்மாவின் பீரோ சாவியை எப்படியாவது வாங்கித் தைலத்தை வெளியே எடு.

இந்த மாதம் கேமராவை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். குழந்தைகளுக்குப் பொறாமை. இங்கே பம்பைவிடப் படம் முக்கியம், அதைப் புரிந்துகொள்ளவே எனக்கு இத்தனை நாளாயிற்று. ஒவ்வொரு பம்புக்கும் இரண்டு படம் வேண்டும். முந்தைய படத்தில் ஒரு பெண் குடத்தோடு அழுக்குக் குட்டைக்கு நடக்க வேண்டும், முகம் வாடியிருக்க வேண்டும். பிந்தைய படத்தில் அதே பெண் பம்பில் தண்ணீர் அடிக்க வேண்டும், பல் தெரிய வேண்டும். நன்கொடை கொடுக்கிறவர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார்களாம்.

ஜீப்பில் இரண்டு மணி நேரத்தில் நாற்பது வீடு உள்ள ஒரு குடியிருப்பு. நான் வருவதற்கு முன்பு, ஜனவரியிலேயே அங்கே பம்பு போட்டாகிவிட்டது. முந்தைய படமெல்லாம் கேமராவுக்குள் இருந்த ஃபிலிம் சுருளில் இருந்தன. அந்தச் சுருள் வெளிச்சம் பட்டுக் கெட்டுப்போய்விட்டது. எனக்கு முன்னால் இருந்த இன்டர்ன் ஒழுங்காக வைத்திருக்கவில்லை. இந்த ஆபீசில் எல்லாம் இப்படித்தான், ஒருவருக்கும் ஒரு பொருளை மதித்து வைத்துக்கொள்ளத் தெரியாது. அறிக்கை அனுப்பப் பத்து நாள்தான் இருந்தது. இயக்குநர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எப்படியோ படம் கிடைத்துவிட்டது. அது பெரிய கதை, நேரில் சொல்கிறேன். வட்டத்தில் எல்லோர் முன்னாலும் "இவங்களைப் பாத்துக் கத்துக்குங்க" என்று இயக்குநர் என்னைக் காட்டினார். கண்ணியக்காரன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். படிவத்தில் முதல் பாடமாக 'சிக்கல் வந்தால் பின்வாங்காமல் தீர்வு காண வேண்டும்' என்று எழுதினேன்.

நீ கேட்டதற்குப் பதில்: பம்பைப் பராமரிக்க மக்களே ஒரு குழு அமைத்திருக்கிறார்கள் என்று அறிக்கையில் இருக்கிறது. அந்தக் குழுவை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அக்கா


மே 22

அக்காவுக்கு,

இங்கே இருவரும் நலம். தைலம் வெளியே வந்துவிட்டது. அம்மா அதைத் தேய்க்காமல், வருகிறவர்களுக்கெல்லாம் "பொண்ணு வாங்கிக் குடுத்தது" என்று மூடியைத் திறந்து முகரக் கொடுக்கிறாள். நீ வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே.

உனக்குப் பாராட்டு கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் என் மரமண்டையில் ஒன்று ஏறவில்லை. பம்பு ஜனவரியில் போட்டாயிற்று. முந்தைய படம் கெட்டுப்போயிற்று. பிறகு ஏப்ரலில் முந்தைய படம் எப்படிக் கிடைத்தது? காலத்தைப் பின்னால் திருப்புகிற ஸ்பேனர் உங்கள் கிடங்கில் இருந்தால் எனக்கு ஒன்று அனுப்பு. அம்மாவின் முழங்காலுக்கு ஆகும்.

தம்பி


ஜூலை 3

அன்புள்ள தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. உடம்பு பரவாயில்லை. சில நாளாகத் தூக்கம் சரியாக இல்லை, சூடுதான் காரணம். அம்மாவும் நீயும் நலம்தானே?

இத்துடன் சுருட்டி அனுப்பியிருப்பதைக் கசங்காமல் பிரி. போஸ்டர். நான் எடுத்த படம். பன்னிரண்டாயிரம் பிரதி அச்சடித்து உலகம் முழுக்க அனுப்பியிருக்கிறார்கள். கீழே மூலையில் பொடி எழுத்தில் என் பெயர் இருக்கிறது, அம்மாவிடம் பூதக்கண்ணாடி கொடுத்துக் காட்டு. குடத்தோடு முன்னால் வருகிறாளே, அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. "இந்தக் கண்ணிலே எல்லாம் இருக்கு" என்றார் இயக்குநர்.

போன வாரம் நன்கொடையாளர்கள் கூட்டமாக வந்தார்கள். போஸ்டரின் முன்னால் நின்று ஒரு அம்மாள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையோடு, காப்பியில் இன்னும் கொஞ்சம் பால் வேண்டும் என்றாள். இன்னொருவர் அந்தக் குடத்தின் வளைவு ரொம்ப அழகு என்று சொல்லி, அப்படி ஒன்று எங்கே வாங்கலாம் என்று கேட்டார். இந்த ஜனங்களுக்குப் பல்லைக் காட்டி, நாற்காலி இழுத்துப் போட்டு, தலையாட்டி எனக்குக் கழுத்தே வலிக்கிறது. ஆனாலும் பலன் இருக்கிறது. நவம்பரில் வரும் நிரந்தர உத்தரவில் என் பெயர்தான் இருக்கும் என்று இயக்குநர் ஜாடையாகச் சொல்லிவிட்டார்.

நீ கேட்டிருந்ததற்குப் பிறகு விவரமாக எழுதுகிறேன். இப்போது தலைக்கு மேல் வேலை.

சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்: ஒரு அடிபம்பின் தலைப்பாகத்தைக் கழற்றி வைத்துவிட்டால், மிச்சம் எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?

அக்கா


ஆகஸ்ட் 6

அக்காவுக்கு,

நலம். நலமா?

அம்மா போஸ்டரைக் கூடத்தில், வாசலைத் திறந்ததும் கண்ணில் படுகிற சுவரில் ஒட்டிவிட்டாள். வருகிறவர்களை நிறுத்தி வைத்துக் காட்டுகிறாள். நான் தினமும் அதற்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். மூன்று நாள் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். நாலாம் நாள் அவள் காலுக்குப் பின்னால் பார்த்தேன்.

பின்னால் முள்கிளைகளைக் குவித்திருக்கிறது. அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு சிமெண்ட் வாய்க்கால் எட்டிப்பார்க்கிறது. ஒரு முழம்கூட இருக்காது, உங்கள் ஆபீசில் யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. பம்பிலிருந்து சிந்துகிற தண்ணீர் ஓடுவதற்குப் போடுகிற வாய்க்கால் அது. பன்னிரண்டு வருஷமாக நான் வழுக்கி விழுகிற வாய்க்கால். முள்ளுக்கு நடுவே இரண்டு போல்ட்டும் தெரிகின்றன, புதுசு, பளபளவென்று. பம்பு வருவதற்கு முன்பே வாய்க்காலும் போல்ட்டும் வந்துவிட்ட ஊரை நான் கேள்விப்பட்டதில்லை.

ஆக, இருந்த பம்பின் தலையைக் கழற்றிவிட்டு, முள்ளைப் போட்டு மூடி, அந்தப் பெண்களைக் குட்டைக்கு நடக்கவிட்டிருக்கிறீர்கள். உனக்குத் தெரிந்து நடந்ததா, தெரியாமல் நடந்ததா?

நீ சும்மா கேட்டதற்குச் சும்மா பதில். உள்ளே தொங்குகிற கம்பியைப் பிடித்துக் கட்டாமல் விட்டிருந்தால் அன்றைக்கே குழிக்குள் விழுந்திருக்கும், கதை முடிந்தது. கட்டியிருந்தால் கெடாது. ஆனால் வாய் திறந்து கிடக்கிற குழாயைக் கண்டால் குழந்தைகளுக்குக் கல் போடாமல் இருக்க முடியாது. நாலு கல் விழுந்தால் புதுசாகத்தான் தோண்ட வேண்டும்.

தலை இப்போது எங்கே இருக்கிறது? அதை மட்டும் எழுது. அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

தம்பி


செப்டம்பர் 14

அக்காவுக்கு,

நேற்று அம்மாவுக்கு உன் கடிதம் வந்தது. எனக்கு வரவில்லை. ஆகவே தபால்காரர் மேல் தப்பில்லை.

அம்மாவுக்கு எழுதியதைப் படித்துக் காட்டியது நான்தான். எல்லாம் அருமை என்று எழுதியிருக்கிறாய். தலை எங்கே?

தம்பி


அக்டோபர் 5

தம்பி,

நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தலை இங்கேயே இருக்கிறது. நான் உட்காரும் மேஜைக்கு நேர் கீழே, கிடங்கில், இரண்டாவது அலமாரியில். ஏப்ரல் பதினெட்டிலிருந்து அங்கேதான் இருக்கிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு முன்னால் இருந்த பையன் கேமராவை ஒழுங்காகத்தான் வைத்திருந்தான். உள்ளே ஃபிலிம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் பின்மூடியைத் திறந்தது நான். வெளிச்சம் பட்டால் ஃபிலிம் ஏன் கருக்கிறது என்று பதினோரு வருஷம் போர்டில் எழுதிப் போட்டு, தப்பாக எழுதிய பிள்ளைகளை முட்டி போட வைத்தவள் நான். பட்டென்று மூடிவிட்டு, சுற்றிலும் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை. நேராக இயக்குநரிடம் போய் அந்தப் பையன் மேல் பழியைப் போட்டேன். அவன் ஊருக்குப் போய்விட்டான், வந்து சண்டையா போடப்போகிறான்?

இன்னும் கேள். பம்பை ஒரு நாளைக்கு மட்டும் கழற்றி வைக்கலாம் என்று சொன்னதும் நான்தான். யாரும் என்னை அதட்டவில்லை, உருட்டவில்லை. "நீங்க சொன்னது என் காதிலே விழலை" என்றார் இயக்குநர். சொல்லிக்கொண்டே ஜீப் கேட்கும் சீட்டில் கையெழுத்துப் போட்டார். டிரைவர்தான் தலையைக் கழற்றினார். கம்பியை ஒரு கட்டையில் கட்டி நிறுத்தினார், குழிக்குள் விடவில்லை. படத்தில் விழக் கூடாது என்று தலையை ஜீப்பில் ஏற்றினோம். எடுத்து முடித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. இருட்டில் மாட்ட முடியாது, நாளைக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

மறுநாள் ஜீப் வேறு விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு போயிற்று. ஒரு வாரம் கழித்துக் கிடங்குக்காரரிடம் போனேன். தலைக்கு 'உபரி' என்று அட்டை கட்டித் தொங்கவிட்டிருந்தார். "அந்தக் குடியிருப்பிலே பம்பு நல்லா ஓடுதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? ஓடற பம்புக்கு எதுக்கு இன்னொரு தலை?" என்று என் அறிக்கையையே எடுத்து என் முன்னால் வைத்தார். அந்த ஆளைத் திட்டலாம் என்று பார்த்தால், அவர் சொன்னது சரி. தலையை வெளியே எடுக்க வேண்டுமானால் படம் பொய் என்று நான் எழுதித் தர வேண்டும். தந்தால் நவம்பர் உத்தரவு போய்விடும். இரண்டு தடவை வாய்மொழியாகக் கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டால் விஷயம் மேலே போய்விடும் என்று நிறுத்திக்கொண்டேன்.

ஜூலையில், படத்தில் இருக்கிற அந்தப் பெண்ணே ஆபீசுக்கு வந்தாள். எந்த லாரியில் ஏறி வந்தாளோ தெரியாது. வாசலில் காவலாளி நிறுத்திவிட்டார். "யாரைப் பாக்கணும்? சீட்டு வெச்சிருக்கியா?" என்று அவர் கேட்பது மாடிவரை கேட்டது. அவள் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே வாசல் சுவரில் அந்தப் போஸ்டர், ஆள் உயரத்துக்கு. உள்ளே போனவர்கள், வெளியே வந்தவர்கள், இருபது பேராவது அவளைத் தாண்டிப் போயிருப்பார்கள். எவருக்கும் அடையாளம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. நான் மாடி ஜன்னலில் நின்றுகொண்டு அவள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கிப் போகவில்லை. அன்றைக்கு மறுநாள்தான் உனக்குப் போஸ்டரைச் சுருட்டி அனுப்பினேன்.

இந்த இடத்தில் உள்ளவர்களை நான் எவ்வளவு இளக்காரமாக எழுதினேன்! அவர்களாவது தெரியாமல் செய்கிறார்கள். நான் தெரிந்தே செய்தேன்.

இன்னும் ஒன்றரை மாதத்தில் உத்தரவு வந்துவிடும். வந்ததும் எப்படியாவது தலையை அனுப்பிவிடுகிறேன். அதுவரை பொறுத்துக்கொள் என்று யாரிடம் சொல்கிறேன், தெரியவில்லை.

அக்கா


அக்டோபர் 27

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று மூன்று பக்கத்துக்கு உன்னைத் திட்டி எழுதினேன். நல்ல நல்ல வார்த்தைகள். காலையில் தபாலில் போடலாம் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

போன இடத்தில் டீக்கடையில் உட்கார்ந்து மாதாந்திர அட்டைகளில் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு பம்புக்கும் ஒரு அட்டை உண்டு. ஃபிட்டர் நேரில் போய்ப் பார்த்து, 'நல்ல நிலை' என்று எழுத வேண்டும். யார் போகிறார்கள்? எல்லா ஃபிட்டரும் டீக்கடையில்தான் எழுதுகிறோம். ஐந்தாவது அட்டையில் பேனா நின்றுவிட்டது. அந்தத் தெருவுக்கு நான் போய் எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். பம்புக்குக் கைப்பிடியே இல்லை. அடியில் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. அட்டையைப் பார்த்தால், பதினாலு மாதமாக நான் அதற்கு 'நல்ல நிலை' போட்டிருக்கிறேன். ஒரு அம்மா வந்து, "நீங்க யாரு, புதுசா வந்திருக்கீங்களா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அதனால் அந்த மூன்று பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. அதற்காக நீ செய்தது சரியாகிவிடாது.

நவம்பர்வரை என்ன பொறுப்பது? குடிக்கிற தண்ணீருக்கு நவம்பர் என்ன, டிசம்பர் என்ன? எழுதிக் கொடுத்துவிட்டுத் தலையை வாங்கு. கொண்டுபோய் மாட்டு. வேலை போனால் போகட்டும், ஸ்டாஃப் ரூமில் யாரும் உன்னைக் கடித்துத் தின்றுவிட மாட்டார்கள்.

அம்மாவுக்கு முழங்கால் கொஞ்சம் தேவலை. உன்னைக் கேட்டாள்.

தம்பி


நவம்பர் 24

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். நன்றாகத் தூங்குகிறேன் என்று சொன்னால் பொய், ஆனால் தூக்கம் வருகிறது. அம்மாவுக்கு முழங்கால் தேவலை என்று படித்ததில் மனசு நிறைந்தது.

உன் கடிதம் கிடைத்த மறுநாள் ஒரு தாளில் எழுதினேன். இந்தப் படம் பம்பு போட்ட பிறகு எடுத்தது, பம்பைக் கழற்றச் சொன்னது நான், சுருளைக் கெடுத்ததும் நான் என்று. இயக்குநர் நின்றபடியே படித்தார். கதவைச் சாத்தினார். "நீங்க ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க" என்றார். "தலைதானே வேணும்? எடுத்துட்டுப் போங்க. இதுக்குப் போய் ஒரு காகிதமா?" போனை எடுத்துக் கிடங்குக்காரரிடம் ஒரே ஒரு வாக்கியம் பேசினார். ஏழு மாதமாக நாற்பது வீடு குட்டைத் தண்ணீர் குடித்தது அந்த ஒரு வாக்கியம் இல்லாமல்தான். பிறகு மேஜையைத் திறந்து, தயாராக இருந்த நிரந்தர உத்தரவை எடுத்தார். என் தாளை நாலாக மடித்து, உத்தரவுக்கு அடியில் வைத்து, இரண்டையும் சேர்த்து என் கையில் கொடுத்தார். "போறதுதான் போறீங்க, பிந்தைய படத்தையும் எடுத்துட்டு வந்துடுங்க" என்றார். அவருக்கு என் மேல் கோபமே இல்லை தம்பி. நான் அவருடைய ஆள் என்று முடிவுகட்டிவிட்டார்.

டிரைவரும் நானும் போனோம். ஜீப்பைப் பார்த்து யாரும் ஓடி வரவில்லை. முள்ளையெல்லாம் எப்போதோ அகற்றியிருந்தார்கள். நீ பயந்ததுபோல ஒரு கல்கூட உள்ளே விழவில்லை. குழாயின் வாயைத் துணியால் மூடி, சுற்றிலும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. துணி பழையது, ஆனால் துவைத்த துணி. நாளைக்கு வருகிறோம் என்று சொன்னதை நம்பி ஏழு மாதம் அதைக் காவல் காத்திருக்கிறார்கள். போல்ட்டுகள் துருப்பிடித்து முரண்டு பிடித்தன. டிரைவர் மாட்டி முடித்ததும் கைப்பிடியை நான் பிடித்து அடித்தேன். கை ஓய்ந்துபோகிற அளவுக்கு அடித்த பிறகுதான் தண்ணீர் வந்தது. முதலில் செம்மண் நிறத்தில், பிறகு தெளிவாக. ஒருவரும் கை தட்டவில்லை. பெண்கள் குடங்களைக் கொண்டுவந்து வரிசையில் வைத்துவிட்டு நின்றார்கள்.

ஏப்ரலில் படம் எடுத்த அன்று நடந்ததில் ஒன்றை நான் உனக்கு எழுதவில்லை. அன்று அவர்களுக்கு அது ஒரு கூத்து. வீட்டுக்கு முன்னால் பம்பு இருக்க, குடத்தைத் தூக்கிக்கொண்டு குட்டைக்கு நடக்கச் சொல்கிறாளே இந்தப் பைத்தியக்காரி என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். எப்படி எடுத்தாலும் படத்தில் சிரிப்பாகத்தான் விழும்போல் இருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. வகுப்பில் கத்துவதுபோலக் கத்தினேன். அவர்கள் மொழி எனக்குத் தெரியாது, ஆனாலும் கத்தல் புரிந்துவிட்டது. முன்னால் வந்தவளின் முகம் சுண்டிப்போயிற்று. அந்த நொடியில்தான் பொத்தானை அமுக்கினேன். இயக்குநர் எல்லாம் இருக்கிறது என்று சொன்ன கண், நான் அவமானப்படுத்திய கண்.

அவள்தான் வரிசையில் முதலில் நின்றாள். குடத்தை நிரப்பினாள், இடுப்பில் வைத்தாள். என் தோளில் தொங்கிய கேமராவைப் பார்த்துவிட்டு, குடத்தை மறுபடியும் கீழே வைத்தாள். என் எதிரே வந்து நேராக நின்று ஏதோ சொன்னாள். மற்றவர்களும் அவள் பின்னால் வந்து நின்றார்கள். நான் டிரைவரைப் பார்த்தேன். சொல்ல அவருக்கு மனமில்லை, வற்புறுத்திக் கேட்டேன்.

"அன்னைக்குச் சிரிக்காதே, சிரிக்காதேன்னு கத்தினீங்களே, இப்போ எடுங்கன்னு சொல்லுது. இப்போ ஒருத்தரும் சிரிக்கலையாம்."

நான் எடுக்கவில்லை. மன்னித்துக்கொள் என்றேன். டிரைவர் அதை மொழிபெயர்த்தாரா என்று தெரியாது. அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திரும்புகிற வழியில் தபாலாபீசில் ஜீப்பை நிறுத்தச் சொன்னேன். என் தாளையும் அந்த நிரந்தர உத்தரவையும் ஒரே உறையில் போட்டு, நன்கொடையாளர்களின் தலைமை ஆபீசுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அதனால் வானம் இடிந்து விழுந்துவிடாது. தவறுகளிலிருந்து கற்பது எப்படி என்று ஒரு கூட்டம் போட்டு, வட்டமாக உட்கார்ந்து பேசிவிட்டுக் கலைவார்கள். அந்தக் கூட்டத்தில் நான் இருக்க மாட்டேன், எனக்கு அது போதும். கடைசி மாதப் படிவத்தை நிரப்பாமல் கொடுத்துவிட்டேன்.

டிசம்பர் எட்டாம் தேதி வந்து சேருவேன். ஹெட்மிஸ்ட்ரஸுக்கும் எழுதிப் போட்டாயிற்று. கேட்கிற கேள்வியை அவர்கள் கேட்கட்டும்.

அம்மாவிடம் நீ எதுவும் சொல்லாதே. அந்தப் போஸ்டரையும் சுவரிலிருந்து கழற்றாதே. நான் வந்து, அதன் பக்கத்தில் நின்று, இது நான் எப்படி எடுத்த படம் என்று என் வாயால் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும்.

அக்கா